நாலு பேர் சாப்பிட்ட கோழி

மார்ச் 10

அன்புள்ள சுண்டு,

நீ, மாப்பிள்ளை, குழந்தை, அம்மா எல்லாரும் சௌக்கியம் என்றே நினைத்துக்கொள்கிறேன். என் சௌக்கியத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாம். ஆனால் நீ போனில் "அய்யோ அக்கா" என்னும்போது பின்னால் உன் வீட்டுச் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் இனி எழுத்துதான். நீயும் எழுது.

வலது முழங்கால் பந்தாக வீங்கிவிட்டது. கால்சட்டை அதற்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. காலையில் குதிகாலைத் தரையில் ஊன்றினால் ஆணியை மிதித்த மாதிரி இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போகிறேன். உயரக் கிரேனுக்கு ஏணி மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு படி. துறைமுகத்தில் பதினோரு வருஷம் சின்னக் கிரேனில் காத்துக் கிடந்து வாங்கிய இடம் அது. பத்தொன்பது நாள் உட்கார்ந்தேன். இப்போது அங்கே விசில் உட்கார்ந்திருக்கிறாள். கீழே நின்று எனக்கு விசில் ஊதிக் கை காட்டிக்கொண்டிருந்தவள்!

மூட்டு டாக்டரம்மாவிடம் போனேன். "சமீபத்துல வயித்துப்போக்கு ஏதாவது வந்துச்சா?" என்றார். முழங்காலைக் காட்டினால் வயிற்றைக் கேட்கிறாரே என்று சிரித்துவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. எனக்கு அந்த இடம் கிடைத்ததற்காகப் பிப்ரவரி முதல் ஞாயிறு உன் வீட்டில் விருந்து வைத்தாயே, மாப்பிள்ளை பால்கனியில் கரியடுப்பு வைத்துக் கோழி சுட்டாரே, ஊர் திரும்பியதும் எனக்கு நாலு நாள் வயிறு போனதே, அதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. அன்று யார் யார் அதைச் சாப்பிட்டார்கள், யாருக்கெல்லாம் வயிறு கெட்டது என்று கேட்டு வரச் சொன்னார். உடனே எழுதிப் போடு.

குழந்தைக்கு என் முத்தம்.

உன் அக்கா,
கொக்கு

*

மார்ச் 18

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அந்த நீளக் கால்களுக்காகத்தானே உனக்குக் கொக்கு என்று பேர் வந்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாயா? இங்கே எல்லாரும் சுகம்.

டாக்டரம்மா கேட்ட விவரம்: இவருக்கு இரண்டு நாள் வயிறு போனது. இவர் அண்ணனுக்கு மூன்று நாள், கூடவே காய்ச்சல். உன்னோடு விருந்துக்கு வந்த விசில் கதை உனக்கே தெரியும். அம்மா ஆடுகிற பல்லை வைத்துக்கொண்டு கோழியைத் தொடவே இல்லை. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவுதான்.

உனக்கு நடக்க முடியவில்லை என்று தெரிந்ததும் அம்மா பெட்டியை எடுத்துக் கட்டில் மேல் வைத்துவிட்டாள். நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஆறு வருஷமாக என்னோடு இருந்தவள், ஆறு நிமிஷத்தில் துணிகளை மடித்து முடித்துவிட்டாள். சனிக்கிழமை ரயிலில் ஏற்றிவிடுகிறேன். அவளுடைய ரத்த அழுத்த மாத்திரை பெட்டியின் பக்கப் பையில் இருக்கும். காலையில் ஒன்று. மறந்தால் மறைத்துவிடுவாள், பார்த்துக்கொள்.

வீக்கம் சீக்கிரம் வடிய வேண்டும்.

உன் தங்கை,
சுண்டு

*

ஏப்ரல் 2

அன்புள்ள சுண்டு,

அம்மா பத்திரமாக வந்து சேர்ந்தாள். வந்த அன்றே என் சமையலறையைத் தலைகீழாக்கிவிட்டாள். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாள். உங்கள் மூவர் நலத்துக்கும் குறைவு இருக்காது.

டாக்டரம்மா முழங்காலில் ஊசி குத்தி ஒரு குவளை நீர் எடுத்தார். மஞ்சளாக, கொழகொழவென்று இருந்தது. அதில் கிருமி இல்லையாம். வயிற்றுச் சோதனையிலும் இல்லையாம். "அப்புறம் எதுக்கு டாக்டர் வீங்குது?" என்று கேட்டேன். "கிருமி எப்பவோ போயிடுச்சும்மா. அதை அடிக்கக் கிளம்பின உங்க எதிர்ப்புச் சக்தி இன்னும் ஓயலை. ஆள் மாறி உங்க மூட்டையே அடிக்குது" என்றார். நூறு பேருக்கு இந்த மாதிரிக் கிருமி வயிற்றில் போனால் ஏதோ சிலருக்குத்தான் இப்படி ஆகுமாம். அவர்களிலும் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்தில் தானாகவே அடங்கிவிடுமாம். மிச்சப் பேருக்கு வருஷக்கணக்கில் இழுக்குமாம். அந்தக் கோழிதான் காரணம் என்று அவர் சத்தியம் பண்ணவில்லை. ஆனால் நாள் கணக்கு ஒத்துவருகிறதாம்.

விசில் நேற்று பார்க்க வந்தாள். அதே கோழி, அதே தட்டு, அவளுக்கும் மூன்று நாள் வயிறு போனது. இப்போது குதித்துக் குதித்துப் படியேறி வருகிறாள். "மேல காத்து என்னமா அடிக்குது தெரியுமா!" என்கிறாள். எனக்கா தெரியாது? அவள் கொண்டுவந்த பழங்களை நான் தொடவில்லை. அவளுடைய முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் எவ்வளவு அழகாக மடங்குகின்றன!

அவள், நான், மாப்பிள்ளை, அவர் அண்ணன், நீ. ஐந்து பேர் சாப்பிட்டோம். ஐந்து பேரில் ஏன் நான் மட்டும்? சொல்லேன்.

உன் அக்கா

*

ஏப்ரல் 21

அன்புள்ள அக்கா,

நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். பதில் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை அதிகம். பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து அறுபது பிள்ளைகளுக்குக் கண்ணாடி கேட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கும் எந்திரத்தின் முன்னால் நிற்கிறேன். சாயங்காலம் நகக்கண்ணெல்லாம் வெள்ளைத் தூள்.

வீட்டுக்கு வந்தால் அம்மா இல்லை. குழந்தை கணக்குப் போட மாட்டேன் என்கிறாள். "பாட்டி எப்ப வருவா? பெரியம்மாவுக்கு இன்னும் கால் சரியாகலையா?" இந்த இரண்டு கேள்விதான். இவரும் அலுவலகத்திலிருந்து வந்ததும் முதலில், "அக்கா எப்படி இருக்காங்க?" என்றுதான் கேட்கிறார். நான் ஒருத்தி எப்படி இருக்கிறேன் என்று கேட்க இந்த வீட்டில் நாதியில்லை. போன வாரம் எனக்குக் காய்ச்சல். நானே எழுந்து நானே சூப் வைத்து நானே குடித்தேன். அம்மா போன் பண்ணினாள். என் குரல் கம்மியிருந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. "கொக்குக்கு இன்னைக்குக் கொஞ்சம் வீக்கம் கம்மி" என்று அரை மணி நேரம் பேசினாள்.

தப்பாக நினைக்காதே. உனக்குத் தேவை, அதனால் அங்கே இருக்கிறாள். ஒரு மாதத்துக்குப் பிறகாவது அனுப்புவாயா?

சுண்டு

*

மே 6

அன்புள்ள சுண்டு,

காய்ச்சல் விட்டதா? அம்மாவிடம் சொன்னேன், துடித்துப்போய்விட்டாள். ஆனால் அம்மாவை இப்போது அனுப்ப முடியாது. எனக்குச் சாக்ஸ் மாட்டிவிடக்கூட அவள்தான் வேண்டும். வீட்டில் நீங்கள் மூன்று பேர். நடக்கிற கால் இரண்டு. இதற்கு மேலும் உனக்கு என்ன வேண்டும்?

புது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆரஞ்சு நிறம், பெரிசு. பதினைந்து நாளுக்கு ஒரு தரம் ரத்தச் சோதனை. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகுமாம். நேற்று ஜன்னல் வழியாகத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தூரத்தில் என் கிரேன் மெல்லத் திரும்பியது. இருக்கையில் இருப்பது அவள். பெட்டியை இறக்கும்போது அவளுக்குக் கொஞ்சம் ஆடும், எனக்கு ஆடாது. இது மட்டும்தான் ஆறுதல்.

ரொம்ப நேரம் பார்த்ததாலோ என்னவோ, மூன்று நாளாக இடது கண் சிவந்திருக்கிறது. வெளிச்சம் கூசுகிறது, எழுத்து கொஞ்சம் மங்கல். தூசியாக இருக்கும். வீட்டில் கிடந்த சொட்டு மருந்தைப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா

*

மே 8, காலை

அக்கா,

மூன்று தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. அம்மாவும் எடுக்கவில்லை. எங்கள் கடை வண்டி இன்று உங்கள் ஊர்க் கிளைக்கு லென்ஸ் கொண்டுவருகிறது. டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில் கொடுக்காமல் திரும்பக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அது தூசி இல்லை. ஒரு கண் மட்டும் சிவந்து, வெளிச்சம் கூசி, பார்வையும் மங்கினால் எங்கள் கடைக் கண் பரிசோதகர் கண்ணாடி எழுதவே மாட்டார். அப்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். மூட்டில் வந்த அதே அழற்சி கண்ணுக்குள்ளும் வருமாம். விட்டால் உள்ளே ஒட்டிக்கொண்டு பார்வையே குறையலாம். உன் முழங்கால் விஷயத்தை முழுக்கச் சொல்லித்தான் அவரிடம் கேட்டேன். "நாளைக்குன்னு தள்ளாதீங்க, இன்னைக்கே போகச் சொல்லுங்க" என்றார். அந்தச் சொட்டு மருந்தைத் தூக்கிப் போடு. டிரைவரே உன்னைக் கண் ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுவார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பு.

சுண்டு

*

மே 24

அன்புள்ள சுண்டு,

கண் பிழைத்தது. உன் டிரைவர் என்னைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டுதான் போனார். நல்லவர், நன்றி சொல். முதலில் மணிக்கு ஒரு தரம் சொட்டு மருந்து, இப்போது நாளைக்கு நாலு தரம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் சிக்கலாகியிருக்கும் என்று கண் டாக்டர் சொன்னார். "யாரு உங்களை உடனே வரச் சொன்னது?" என்று கேட்டார். "என் தங்கச்சி" என்று பெருமையாகச் சொன்னேன். நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

ரத்தத்தில் ஒரு மரபு அடையாளம் பார்த்தார்கள். எனக்கு இருக்கிறதாம். அது இருப்பவர்களுக்கு இந்தத் தொந்தரவு வர வாய்ப்பு அதிகமாம். கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. "தங்கச்சிக்கும் அன்னைக்கு வயிறு போச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார். உன் பட்டியலில் உன்னைப் பற்றி நீ எழுதவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "அவ எங்க சாப்பிட்டா? மாப்பிள்ளைக்கும் அவங்க அண்ணனுக்கும் உப்புச் சர்க்கரைத் தண்ணி கரைச்சுக் குடுத்துட்டு நல்லா ஓடியாடிட்டுத்தானே இருந்தா. பிள்ளை தட்டுல வச்ச துண்டைக்கூட எடுத்துட்டு ரொட்டி வச்சாளே" என்றாள்.

நீ ஏன் சாப்பிடவில்லை? குழந்தை தட்டிலிருந்து ஏன் எடுத்தாய்?

சும்மாதான் கேட்கிறேன். எழுது.

உன் அக்கா

*

ஜூலை 12

அன்பு மகள் சுண்டுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நல்லா இருக்கேன். மாப்பிள்ளை, பேத்தி உடம்பைப் பார்த்துக்கோ. உங்க அக்கா கடிதம் போட்டு ஒன்றரை மாசத்துக்கு மேல ஆச்சு, நீ பதிலே போடலையாமே. போன் பண்ணினா வேலை இருக்குன்னு வச்சிடுற. அவ தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறா, நொண்டிக்கிட்டே மூணு மாடி இறங்கி. உங்களுக்குள்ள என்ன? நான் ஏதாவது உளறிட்டேனா? எதுவா இருந்தாலும் எழுதிடு. மனசுல வச்சுக்கிட்டா உனக்குச் சாப்பாடு இறங்காது, எனக்குத் தெரியும்.

அம்மா

*

ஜூலை 29

அக்கா,

நீ நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ மேஜையின் நடுவில் உட்கார்ந்திருந்தாய். பேப்பரில் வந்த உன் போட்டோவை இவர் சட்டம் போட்டு வைத்திருந்தார். என் கல்யாணப் போட்டோவுக்கு இந்த வீட்டில் இன்னும் சட்டம் இல்லை. குழந்தை உன் மடியில். "நான் பெரியம்மா மாதிரி ஆவேன்" என்றாள். விசில், இவர், இவர் அண்ணன் எல்லாரும் நீ சொல்லும் கதைகளுக்கு வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். அம்மா உன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காலை ஐந்து மணியிலிருந்து நின்றது நான். ஒருத்தர்கூட என்னைப் பார்த்து, "நீயும் உட்காரு" என்று சொல்லவில்லை.

நான் ஒரு துண்டை வெட்டிப் பார்த்தேன். எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பாக இருந்தது. வேகவில்லை. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "இதைக் கொஞ்சம் பாரு..." என்று ஆரம்பித்தேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "கண்ணாடி துடைக்கிறவளுக்கு எதைப் பார்த்தாலும் அழுக்குதான் தெரியும்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். குழந்தையும்.

நான் வாயை மூடிக்கொண்டேன். குழந்தை தட்டிலிருந்ததை மட்டும் எடுத்தேன். பிறகு, அக்கா, இருப்பதிலேயே பெரிய தொடைத் துண்டை எடுத்து உன் தட்டில் நானே வைத்தேன். மறுநாள் திங்கட்கிழமை நீ முதல் தடவை உயரக் கிரேனில் ஏற வேண்டிய நாள். ஒரு நாள் வயிறு கலங்கட்டும், ஒரே ஒரு நாள் இவள் மேலே ஏறாமல் கிடக்கட்டும் என்று நினைத்தேன். இவர் தட்டிலும் அந்த வேகாத கோழி இருந்தது. இவரும் உன்னைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை நீ ஏறவில்லை என்று போன் வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை நீ ஏறிவிட்டாய் என்றதும், சரி, கணக்குத் தீர்ந்தது என்று மறந்துவிட்டேன். ஒரு நாள்தான் நினைத்தேன் அக்கா. இப்படி ஒரு வியாதி இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வைத்திருப்பேனா? மாட்டேன். ஆனால் தெரிந்த அளவுக்குத் தெரிந்துதான் வைத்தேன்.

நான் சாப்பிடவில்லை. ஐந்து பேர் இல்லை, நாலு பேர்தான்.

சுண்டு

*

செப்டம்பர் 2

அன்புள்ள அக்கா,

என் கடிதம் கிடைத்ததா? கிடைத்தது என்று தெரியும். அம்மா போனில், "அவ யாரோடயும் பேச மாட்டேங்குறா" என்றாள். திட்டியாவது எழுது. இவரிடமும் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறார், ஆனால் நான் தட்டில் எதை வைத்தாலும் ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார்.

குதிகால் வலி எப்படி இருக்கிறது? அதை மட்டுமாவது ஒரு வரி எழுது.

சுண்டு

*

அக்டோபர் 15

சுண்டு,

குதிகால் வலி காலையில் ஒரு மணி நேரம் இருக்கிறது. முன்பு நாள் முழுக்க இருந்தது. முழங்கால் வீக்கம் முக்கால்வாசி வடிந்துவிட்டது. மறுபடி கண் சிவக்கவில்லை. எட்டு மாதமாகிவிட்டதால் நான் தானாக அடங்கும் ரகம் இல்லையாம். மாத்திரை தொடரும். ஏணியைப் பற்றி அடுத்த வருஷம் பேசலாம் என்கிறார் டாக்டரம்மா. அதுவரை துறைமுகத்தில் எனக்குத் தரையில் வேலை. கண்ணாடிச் சுவர் போட்ட அறை, ஆறு திரைகள், பெட்டி எண்களைச் சரிபார்க்க வேண்டும். விசிலின் குரல் வயர்லெஸ்ஸில் மேலேயிருந்து வருகிறது. அவளுக்கு இப்போது பெட்டி ஆடுவதில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னைச் சபித்தேன். கையால் எழுத முடியாத வார்த்தைகள். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "என் தங்கச்சி அதைச் சாப்பிட்டிருந்தா அவளுக்கும் இப்படி வந்திருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன். "வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம்" என்றார். நான் விடவில்லை, மறுபடி கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "என்னம்மா, வரணும்னு கேக்குறீங்களா, வரக் கூடாதுன்னு கேக்குறீங்களா?" என்றார். நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வரணும் என்றுதான் கேட்டேன். அதற்குப் பிறகு பல நாள் பஸ்ஸில், குளியலறையில், திரைகளுக்கு முன்னால் அதையே நினைத்தேன். நீ அந்தத் துண்டைச் சாப்பிடுகிறாய். உன் முழங்கால் வீங்குகிறது. எந்திரத்தின் முன்னால் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிடுகிறாய். நினைக்க நினைக்க இனிப்பாக இருந்தது, சுண்டு. அந்த இனிப்பு தெரிந்த பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை நீ எப்படி நின்றிருப்பாய் என்று எனக்குப் பிடிபட்டது. நான் நினைத்ததோடு நின்றேன், நீ தட்டில் வைத்தாய். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை. என் கால் தினமும் காலையில் அதைச் சொல்கிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். நீ ஒரு வார்த்தை உரக்கச் சொல்லியிருந்தால் கோழியைத் திரும்ப அடுப்பில் போட்டிருப்போம். நானும் உன்னை அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னதே எனக்கு ஞாபகம் இல்லை. அதுதான் உனக்கு அதிகம் வலித்திருக்கும்.

அம்மாவிடம் கடிதத்தைக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். அடுத்த மாதம் உன்னிடம் திரும்பி வருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு இப்போது சாக்ஸ் மாட்ட வருகிறது, சமைக்க வருகிறது, நியாயமாக அனுப்பிவிட வேண்டும். அனுப்ப மாட்டேன். அவள் என்னோடு இருக்கட்டும். உனக்குத் தண்டனை என்று வைத்துக்கொண்டாலும் சரி, எனக்கு அவள் வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும் சரி. இரண்டும் உண்மை.

உனக்கு அவளைப் பார்க்க வேண்டும் என்றால் நீ வா. எனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. ரயிலடிக்கு நானே வருகிறேன், நடந்து.

கொக்கு